பழைய டிராக்டருக்கு ஒரு கூரை

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வடகரை மண்ணும் நனைகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. அடவிநயினார் அணையில் தண்ணீர் ஏறினால் கார் சாகுபடிக்காரன் முகம் மலரும். ஆனால் வருஷத்தில் இரண்டு மழை பார்க்கும் இந்தப் பூமியில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சமீபத்தில் வடகரைப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் வீட்டிற்குப் போயிருந்தோம். இரண்டு ஏக்கர் நிலம். தென்னை மரத்தடியில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. மேலே கிழிந்த தார்ப்பாய். இருக்கையில் கோழி முட்டையிட்டிருக்கிறது. பக்கத்திலேயே வைக்கோல் படப்பு.

"அண்ணாச்சி, இதை வித்திரட்டுமா? பத்து வருஷம் ஆன டிராக்டரை எல்லாம் சர்க்கார் பிடிச்சி உடைச்சிருமாமே? புரோக்கர் வந்து சொன்னான். பழைய இரும்பு விலைக்குக் கேக்கான்" என்றார் அவர்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. ஆகவே இங்கே பதில் சொல்கிறோம்.

வதந்தியும் உண்மையும்

பத்து வருஷம் ஆன டிராக்டரைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்பது பொய். 2023ல் இந்த வதந்தி செல்போன்களில் பரவியபோது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அதை மறுத்தது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 15 ஆண்டு ஆனதும் கட்டாயம் கழிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது உண்மைதான். அது சர்க்காருக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. உழவன் வீட்டு டிராக்டருக்கு அல்ல.

அப்படியானால் இந்த வதந்தியால் லாபம் யாருக்கு? பயந்து விற்பவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவனுக்கு. விற்றவனை மறுநாளே புதிய வண்டிக்குக் கடன் கொடுக்கத் தேடி வருகிறவனுக்கு.

கடன் என்றால் என்ன என்பதை நமது விவசாயி அறிவான். 2016 மார்ச்சில் தஞ்சை ஜில்லாவில் டிராக்டர் கடன் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் வயலிலேயே அடித்து இழுத்த காட்சியை நாடே பார்த்தது. இரண்டு ஏக்கர்காரன் பல லட்சம் ரூபாய்க்குப் புது வண்டி வாங்கினால், வண்டி நிலத்தை உழுவதற்கு முன் வட்டி அவனை உழுதுவிடும். கடன் தீர்ந்து சொந்தமாகிவிட்ட பழைய வண்டிதான் அவனுக்கு விடுதலை. அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது கஞ்சத்தனம் அல்ல, புத்திசாலித்தனம்.

தொழுவம் கட்டியவன் கொட்டகை கட்டவில்லை

மாடு வைத்திருந்த காலத்தில் நமது உழவன் தன் வீட்டுக்கு முன்பே தொழுவத்திற்கு ஓலை மாற்றினான். மாடு நனைந்தால் கத்தும். இரும்பு கத்தாது, உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். வேறுபாடு அவ்வளவுதான்.

பெரிய செலவு வேண்டியதில்லை. நான்கு கால் நட்டு, மேற்கே சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைப்புக் கட்டிய தகரக் கொட்டகை போதும். தரையைச் சற்று உயர்த்தி, சரளை போட வேண்டும். ஈர மண்ணில் டயர் நின்றால் கெடும். கீழே பலகை வைக்கலாம். மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். அந்த வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் இஞ்சினையே இறுக்கிவிடும். நெடுநாள் நிறுத்துவதானால் டீசல் டாங்கை நிரப்பி வையுங்கள். காலி டாங்கில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிந்து டீசலோடு கலக்கும். பாட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். கலப்பையைத் தரையில் இறக்கி, சக்கரத்திற்கு அடைகல் கொடுத்து, சாவியை எடுத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

வைக்கோல் படப்பு அருகில் கூடவே கூடாது. எலி கடித்த ஒரு வயரிலிருந்து ஒரு பொறி கிளம்பினால் படப்பும் போகும், வண்டியும் போகும், வீடும் போகும். நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் இஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள நஞ்சுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மில் தொழிலாளி அறிந்தது, வயல் தொழிலாளி அறியாதது

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒன்று தெரியும். சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் காப்பு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. கை இழந்தவர்களின் ரத்தத்தில் எழுதப்பட்டது.

வயலில் நிலைமை என்ன? டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று சுற்றுகிறது. அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனையோ சேலைத் தலைப்போ சிக்கினால் "ஐயோ" என்று சொல்ல நேரமிருக்காது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்தத் தண்டின் மேல் உறையே கிடையாது. கேட்க இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

இன்னொரு ஆபத்து: தொழியில் பின்சக்கரம் புதைந்து நிற்கும்போது வேகம் கொடுத்தால் முன்பக்கம் எழும்பி வண்டி பின்னால் கவிழும். ஓட்டுகிறவன் அடியில் கிடப்பான். ஸ்வீடன் நாட்டில் 1959லேயே, புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும் என்று விதித்தார்கள். அதன் பின் கவிழ்ந்து சாகிறவர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. ஓர் இரும்புச் சட்டத்தின் விலை ஓர் உழைப்பாளியின் உயிரைவிட அதிகமா?

டிரெய்லரில் நடவுப் பெண்களை ஏற்றிச் செல்வதும் அப்படியே. அதில் ஆள் ஏற்றச் சட்டம் இடம் தரவில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். பஸ் விடாத சர்க்காரும், வண்டி ஏற்பாடு செய்யாத நிலச்சுவான்தாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

டிராக்டர் நம் எதிரியா?

"டிராக்டர் வந்து எங்கள் ஏரைப் பறித்ததே, அதற்கு ஏன் கூரை கேட்கிறீர்கள்?" என்று கூலி விவசாயத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏர் உழவும் மரமடிப்பும் போய்விட்டன. அந்தக் கூலிநாட்களும் போய்விட்டன.

ஆனால் வேலையைப் பறித்தது இரும்பா? நாள் முழுக்க மாட்டின் பின்னால் சேற்றில் நடந்து செய்த வேலையை இயந்திரம் இரண்டு மணியில் முடிக்கிறது. மிச்சமான நேரமும் பணமும் யார் பைக்குப் போயின? கேள்வி அதுதான். 1956ல் சோவியத் நாடு அன்பளிப்பாகக் கொடுத்த இயந்திரங்களைக் கொண்டு ராஜஸ்தானில் சூரத்கர் சர்க்கார் பண்ணை தொடங்கப்பட்டது. பாலை நிலத்தில் அதே டிராக்டர்தான் உழுதது. தனி ஒருவனின் லாபத்திற்காக அல்ல. 2020-21ல் டில்லி எல்லையில் விவசாயிகளுக்கு டிரெய்லரே வீடாக இருந்தது. 2021 ஜனவரி 26 அன்று டிராக்டர்கள் அணிவகுத்தன. அந்த ஆண்டு நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸாயின. இயந்திரம் யார் கையில், யாருக்காக என்பதைப் பொறுத்தே அது நண்பனோ எதிரியோ ஆகிறது.

என்ன செய்ய வேண்டும்?

பத்து வீட்டில் பத்து பழைய வண்டி நனைந்து கிடப்பதைவிட, ஊருக்கு ஒரு பொதுக் கொட்டகையும் பழுது பார்க்கும் பட்டறையும் மேல். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் அதை நடத்தலாம். நமது பையன்களில் தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கு அங்கே வேலை கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் வண்டிகள் பெரிய நிலக்காரனுக்கு முன் சிறு விவசாயிக்குக் கிடைக்க வேண்டும். பழைய வண்டிகளுக்குத் தண்டு உறையும் காப்புச் சட்டமும் சர்க்கார் செலவில் பொருத்த வேண்டும். ஓட்டுநருக்கும் கூலியாளுக்கும் விபத்து இழப்பீடு வேண்டும்.

உதிரி பாகம் இன்னொரு பிரச்சினை. பொதுத்துறை எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016ல் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. அந்த வண்டியை வைத்திருப்பவன் இனி எங்கே போவான்? 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் உதிரி பாகங்கள் பலவற்றிற்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கடைக்காரரிடம் பில் கேளுங்கள். குறைந்த வரி அவர் கல்லாவில் தங்கிவிட வேண்டாம்.

வடகரை விவசாயியிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏல, முதல்ல அந்தப் படப்பைத் தள்ளிப் போடு" என்றார்.

புரோக்கர் மறுபடி வருவான். ஒரு வீட்டில் அவனைத் திருப்பியனுப்பினால் போதாது. ஊரே திருப்பியனுப்ப வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும். கொட்டகைக்கு முதல் காலை நடுவோம்.