வெம்மையுறும் கடலும் கடற்புல்லும்

கடலுக்கடியிலும் புல்வெளிகள் உண்டு என்பதைப் பலர் அறியார். கடற்புல், பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேரும் தண்டும் இலையும் கொண்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் இப்புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் இவற்றில் ஒதுங்கி வளர்கின்றன. கடற்பசு இப்புல்லை மேய்ந்தே உயிர்வாழ்கிறது. அதனைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எல்லை வகுத்துவிட்டோம், அவ்வெல்லையைக் கடந்து வரும் வெப்பத்தை எவ்வாறு எதிர்கொள்வது?

வெப்பக்கடலில் வளரும் புல்லுக்கு இன்னும் சற்று வெப்பம் கூடினால் நன்மைதானே என்று சிலர் வினவக்கூடும். ஓரளவு வரை அது மெய்யே. வெப்பம் கூடும்போது ஒளிச்சேர்க்கை விரைவுபெறும், புல்லும் செழிக்கும். உரிய அளவைக் கடந்ததும் ஒளிச்சேர்க்கை தளரும்; சுவாசமோ மேலும் மிகும். வரவை மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பம் சேமிப்பைக் கரைப்பதுபோல, மண்ணுள் படர்ந்த தண்டில் சேர்த்துவைத்த மாவுப்பொருளைப் புல் செலவிட்டுத் தீர்க்கும். மேலும், வெப்பம் மிகுந்த நீரில் கரையும் உயிர்வளி குறைவு. உயிர்வளி குன்றிய வேருக்குள் சேற்றிலுள்ள கந்தக நஞ்சு எளிதிற் புகும்.

இஃது வெறும் அச்சமன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவை 2010-11 கோடையில் கடல் வெப்ப அலை தாக்கியது. அங்கிருந்த புல்வெளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிதைந்தது. நெடுங்காலமாகச் சேற்றில் புதைந்திருந்த கரிமமும் வெளியேறியது. அங்கே பெரிதும் அழிந்தது மிதவெப்பக் கடலுக்குரிய புல். நம் புல் வெப்பம் தாங்கும் வகை என ஆறுதல் கொள்ளலாம். ஆயின், வெப்பமண்டலத் தாவரங்கள் பல தாம் தாங்கக்கூடிய மேல்வரம்பினை ஏற்கெனவே நெருங்கி வாழ்பவை என்பதை மறத்தலாகாது.

கடலைக் குளிர்விக்கும் ஆற்றல் நம் மாநிலத்திற்குத் தனித்து இல்லை. ஆனால், கடல்நீரைத் தெளிவாக வைத்திருக்கும் ஆற்றல் உண்டு. புல்லுக்கு ஒளியே வருவாய். செலவு மிகும் காலத்தில் வருவாயையும் பறித்தால் அது பிழைப்பதெங்ஙனம்? கடற்படுகையை உழும் இழுவைமடி புல்லை வேரோடு பெயர்க்கிறது. சேற்றையும் கிளப்பி ஒளியை மறைக்கிறது. கழிவுநீரும் இறால் பண்ணைகளின் கழிவும் பாசியைப் பெருக்கிப் புல்லை மூடுகின்றன. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. அதனை உறுதியுடன் நடைமுறைப்படுத்த வேண்டும். அதேவேளை, இழுவைப்படகுத் தொழிலாளர் வேறு மீன்பிடி முறைக்கு மாறத் துணைநிற்பதும் அரசின் கடமை. காப்பின் சுமையை அவர்கள் தோளில் மட்டும் ஏற்றுதல் அறமன்று.

உலக வெப்பத்தைத் தணிக்கும் உடன்பாடுகள் பயன் தரக் காலம் பிடிக்கும். அதுவரை கடற்புல் உயிரோடிருக்க வேண்டும். தெளிந்த நீரே அதற்கு நாம் அளிக்கக்கூடிய அவகாசம்.