பழக்கும் செலவு யார் தலையில்?

ஆலைத் தொழிலாளியின் மகனும் விவசாயத் தொழிலாளியின் மகளும் இன்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போக விரும்புகிறார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால், பட்டம் போதாது, சர்டிபிகேட்டும் கொண்டு வா என்று பல கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்துகின்றன.

இந்தச் சர்டிபிகேட்டின் விலை என்ன? சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ. தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். கூலிக் குடும்பம் இதற்கு எங்கே போகும்? தேறினாலும் 3 ஆண்டுதான் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனியோ தன் எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. சர்டிபிகேட்டுகளை 2021 ஜனவரியோடு நிறுத்தியே விட்டது.

ஆலையில் புது மெஷின் இறங்கினால், அதை ஓட்டப் பழக்கும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. இங்கே மட்டும் தொழிலாளி தன் காசில், தன் தூக்கத்தைக் கெடுத்துப் பழகி வர வேண்டுமாம்! இது என்ன நியாயம்?

நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்: வட்டிக்குக் கடன் வாங்கிச் சர்டிபிகேட்டில் கொட்டாதீர்கள். முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸும், புரோகிராம் எழுதும் பைத்தானும் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். கை பழகிய பின், தேடும் வேலைக்கு அவசியமான ஒரு சர்டிபிகேட்டை மட்டும் எழுதுங்கள்.

வேலையில் சேர்ந்துவிட்ட வாலிபர்களோ சங்கமாய்ச் சேர்ந்து கேட்க வேண்டும்: தேர்வுக் கட்டணத்தைக் கம்பெனி கட்டட்டும்! படிக்கும் நேரம் வேலை நேரமாகட்டும்!