பள்ளி மண்டபத்தில் அதிர்வு இயந்திரம் எதற்கு?



உடம்பைப் பிடித்துவிடும் நாற்காலி, சூடேற்றி முதுகை உருட்டிவிடும் கட்டில், ஏறி நின்றால் உடலை உலுக்கும் அதிர்வுப் பலகை, இடுப்பில் கட்டிக்கொள்ளும் அதிர்வு வார், பாதத்தை நுழைத்துக்கொள்ளும் பெட்டி எனப் பல வடிவங்களில் இயந்திரங்கள் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. பேரங்காடியில் அவை விற்கப்படுவதில் எனக்கு மறுப்பில்லை. வசதி உள்ளவர் தம் களைப்பைப் போக்கிக்கொள்ள விரும்பி வாங்கினால், அது அவர் விருப்பம்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் வாழும் நம் மக்களிடம் இந்த இயந்திரங்கள் ‘நோய் தீர்க்கும் கருவி’ என்னும் பெயரில் வருகின்றன. அதுவும் நம்முடைய பள்ளி மண்டபத்தின் வழியாக, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் வழியாக, ஆசிரியரின் வாய்மொழியின் வழியாக வருகின்றன. இதற்கு நாம் இடம் கொடுக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வலி எங்கிருந்து வந்தது?

1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் இதே மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொடக்கம் என்பர். அதன் பிறகு நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக விடியுமுன் எழுந்து, குனிந்து நிமிர்ந்து பால்மரம் வெட்டினர், பால்வாளி சுமந்தனர். பிறகு செம்பனை வந்தது. அண்ணாந்து குலை அறுத்தனர். உதிரிப் பழம் பொறுக்கினர். இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்து நம் மாணவர்களின் தாத்தா பாட்டியாக இருப்பவர்களின் முழங்காலும் இடுப்பும் தேய்ந்திருப்பதில் வியப்பென்ன?

அந்த வலியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர்! மூன்று பெரியவர்கள் உள்ள ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

வலியும் இனிப்புநீரும் ஒருங்கே உள்ள ஒரு சமூகத்தைத் தேடித்தான் விற்பனையாளர் வருகிறார். “மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், படுத்துக்கொண்டால் போதும்” என்கிறார். இதைவிட இனிக்கும் சொல் வேறு உண்டா?

சுகம் உண்மை, குணம் உண்மையா?

இயந்திரத்தில் அமர்ந்தால் வலி குறைவது பொய்யன்று. அடிபட்ட இடத்தைக் குழந்தை தானாகவே தேய்த்துக்கொள்கிறதே, அதே காரணந்தான். 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள் வலியைப் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகிய உணர்ச்சிகள் அவ்வாயிலை நிறைத்தால் வலியின் செய்தி மூளைக்குச் செல்வது குறைகிறது. பாட்டி எண்ணெய் தேய்த்து நீவிவிட்டபோது கிடைத்த சுகமும் இத்தகையதே.

ஆனால், வலியின் செய்தி தடுக்கப்படுவது வேறு. வலியின் காரணம் நீங்குவது வேறு. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். இரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்கிவிடாது. அரைமணி நேரம் சுகமாக இருந்ததை ‘நோய் குணமாகிறது’ என்று மொழிபெயர்த்துச் சொல்வதில்தான் விற்பனையின் தந்திரம் அடங்கியிருக்கிறது.

வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 1865ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் குஸ்தாவ் சாண்டர் என்னும் மருத்துவர் இயந்திர சிகிச்சைக் கூடமொன்றைத் திறந்தார். அவருடைய இயந்திரங்கள் சில உடலை அதிரச் செய்தன, பிசைந்துவிட்டன. ஆனால், பெரும்பாலானவை நோயாளியே தம் கைகால்களை இயக்கி எடையை நகர்த்துமாறு அமைந்தவை. 1954ஆம் ஆண்டு சப்பானின் ஒசாக்காவில் நொபுவோ புஜிமோத்தோ பிடித்துவிடும் நாற்காலியைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். அது போய்ச் சேர்ந்த இடம் பொதுக் குளிப்பகம். குளித்து முடித்தவர் களைப்பாறவே அது வைக்கப்பட்டது. களைப்பாற்றும் நாற்காலியை மருத்துவர் ஆக்கியது யார்? விற்பனையாளரின் நாக்குதான்!

அதிர்வே மருந்து என்றால்…

ஒன்று கேட்கிறேன். உடல் அதிர்ந்தாலே நோய் தீரும் என்றால், நாள்தோறும் தோட்டத்துச் செம்மண் சாலையில் டிராக்டர் ஓட்டுபவரும், லாரி ஓட்டுநரும், புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டியவருமல்லவா இந்நாட்டிலேயே மிகுந்த உடல்நலத்தோடு இருக்க வேண்டும்? உண்மை நேர்மாறானது. நெடுநாள் அதிர்வு ஓட்டுநருக்கு முதுகுவலியைத் தருகிறது. கைக்கருவி பிடிப்பவரின் விரல் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வுக்கு உட்படலாம் என்று வரம்பு கட்டியது.

அதிர்வுப் பலகையைக் கொண்டு முதியோரின் தசை வலிமையை வளர்க்க முடியுமா என்று ஆய்வுகள் நடப்பது உண்மையே. அவை அளவும் நேரமும் குறித்து, வல்லுநர் மேற்பார்வையில் நடப்பவை. பள்ளி மண்டபத்தில் வரிசையாக ஏற்றி இறக்குவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

யாரெல்லாம் இவற்றை மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. காலில் இரத்தக்கட்டி உள்ளவர், இதயமுடுக்கி பொருத்தியவர், கருவுற்ற தாய், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், எலும்பு நைந்தவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் ஆகியோர் இப்பட்டியலில் அடங்குவர். நம்மவர்க்கு மிக முக்கியமானவர் இன்னொருவர்: இனிப்புநீரால் பாத நரம்பு மரத்துப்போனவர். சூடு அவருக்குத் தெரியாது. தோல் வெந்தாலும் அழுத்திப் புண்ணானாலும் வலிக்காது. புண் ஆறவும் ஆறாது.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி, ‘இலவசமாகப் படுத்துப் பாருங்கள்’ என்று அழைத்த நிலையமொன்றுக்கு வாரக்கணக்கில் சென்றுவந்தார். பின்பு தவணை முறையில் 6,800 ரிங்கிட்டுக்குக் கட்டில் ஒன்றை வாங்கினார். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது நான்கு மாத ஊதியம்! பணம் போனது பெரிதன்று. “மெஷின்லயே இனிப்புநீர் இறங்கிடும்னு சொன்னாங்க டீச்சர், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்” என்றார் அந்த அம்மா. அதை அவர் என்னிடம் சொன்னபோது அவருடைய வலக்காலில் இரண்டு விரல்கள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1956ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் இருபது வகை நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்க்கும் என்று எப்பொருளையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய், பக்கவாதம், ஈளை, புற்றுநோய் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. நம்மிடம் வரும் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். இவற்றில் எத்தனை நோய்களின் பெயர் அச்சாகியிருக்கிறது?

2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி, மருத்துவக் கருவியை விற்குமுன் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘பதிவு எண் என்ன? எந்தப் பயன்பாட்டுக்காகப் பதிந்தீர்கள்?’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ‘இது மருத்துவக் கருவி அன்று’ என்று பதில் வந்தால், நோய் தீரும் என்ற பேச்சையும் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வீடு தேடி வந்து விற்றவரிடம் கையொப்பம் இட்டுவிட்டீர்களா? 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், பத்து வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய வழி வைத்திருக்கிறது. ஏமாற்றப்பட்டவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். ஐந்து ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

நன்கொடைக்கு ஈடாக நம்பிக்கையா?

“நம் பள்ளிக்குப் பணம் தேவை. பரிசளிப்பு விழாவுக்கு ஐந்நூறு ரிங்கிட் தருகிறார்கள். அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகட்டுமே. பெற்றோர் என்ன குழந்தைகளா?” என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்ப்பள்ளியின் பணமுடை எனக்குத் தெரியாததன்று. நகல் தாளுக்குக்கூடக் கையேந்திய நாள்களைக் கண்டவள் நான்.

ஆனால் ஐயா, அந்த விற்பனையாளர் ஐந்நூறு ரிங்கிட்டுக்கு வாங்குவது மண்டபத்தின் அரைமணி நேரத்தையா? இல்லை. தலைமையாசிரியர் மேடையில் இருக்கிறார், ஆசிரியர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆகவே இது நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று எண்ணும் ஒரு தாயின் நம்பிக்கையை வாங்குகிறார். அந்த நம்பிக்கையைச் சேர்க்க நம் பள்ளிகளுக்குப் பல தலைமுறைகள் ஆயின. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பிரிந்த பிறகும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் நம்பிக்கையும் அதுதான். அதற்கு விலை ஐந்நூறா?

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். சக ஆசிரியர் ஒருவர் முகவராகிவிட்டால் சம்பளப் பிடித்தத்தில் இயந்திரம் வாங்காதவர் நட்பற்றவர் ஆகிவிடுகிறார். பிறகு அதே ஆசிரியர் பெற்றோரையும் அழைக்கிறார். மகனின் ஆசிரியர் கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை தாய்மார்களால் முடியும்? அது விற்பனை அன்று, வற்புறுத்தல்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் பெரும்பகுதி உணவின் அளவைப் பேசுகிறது. பிறகே நோயறியும் முறையும் மருத்துவமும் வருகின்றன. அதை வகுப்பில் கற்பித்துவிட்டு, மாலையில் மண்டபத்தில் ‘படுத்தாலே குணம்’ என்பவருக்கு ஒலிவாங்கியை நீட்டலாமா?

நாம் செய்யக்கூடியவை

1. நோய் தீர்க்கும் என்று கூறும் எந்தப் பொருளின் விளக்கக் கூட்டத்துக்கும் பள்ளி மண்டபத்தைத் தருவதில்லை எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தீர்மானம் இயற்றி, குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

2. ஆசிரியர் எவரும் தம் மாணவரின் பெற்றோரிடம் எப்பொருளையும் விற்கலாகாது.

3. அந்த அரைமணி நேரத்துக்கு அரசு நலவகத்தின் தாதியரையோ மருத்துவமனையின் உடலியக்கச் சிகிச்சையாளரையோ அழைப்போம். முழங்கால் வலிக்கு நாற்காலியில் இருந்தபடியே செய்யும் பயிற்சிகளை அவர்கள் கற்றுத்தருவார்கள்.

4. சனிக்கிழமை காலையில் பள்ளித் திடலைத் தாத்தா பாட்டிகளுக்குத் திறந்துவிடுவோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நடப்பதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

5. பெற்றோர்களே, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே உண்டு. அரசு நலவகத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்குக் காத்திருப்பது கடினந்தான். காலை இழப்பது அதைவிடக் கடினம்.

தசையை இயந்திரம் அசைத்தால் அசைவது இயந்திரம். நாமே அசைத்தால் வளர்வது தசை. உடற்கல்விப் பாடத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுப்பது இதுதான். அதையே அப்பிள்ளையின் தாத்தாவுக்கும் சொல்வோம். அடுத்த முறை நன்கொடை உறையோடு ஒருவர் பள்ளி வாயிலில் வந்து நின்றால், மரியாதையாக வணக்கம் சொல்லித் திருப்பி அனுப்புவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.