வேகத்துக்கு அடுக்கு பூஜ்யமா?

இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் பூம்பாறைப் பையன், என்னிடம் கணக்குப் படித்தவன், இப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். மணல் கலந்த தண்ணீர் ஓடும் இரும்புக் குழாயின் வளைவு எப்படித் தேயும் என்று சிமுலேஷன் செய்து லேப்டாப்பில் காட்டினான். நீலம், பச்சை, வளைவில் ஒரு சிவப்புத் திட்டு. அழகுதான். "மணல் அளவு அப்படியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்குப்பா" என்றேன். ஓட்டினான். தேய்மானம் ஏறக்குறைய அதேதான்!

எங்கள் ஊர்ப் பூண்டு விவசாயி யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள், சிரிப்பார். ஐப்பசி மழையில் சரிவில் பாயும் தண்ணீர் படிவயலின் கல்கட்டை எங்கே பறிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அமைப்புகளைத் திறக்கச் சொன்னேன். வேகத்தின் அடுக்கு 0. மோதும் கோணத்துக்கான சார்பு 1. மென்பொருள் தானாக வைத்திருந்த எண்கள். இவன் தொடவே இல்லை. எந்த எண்ணுக்கும் அடுக்கு 0 என்றால் விடை 1. அதை இவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்!

மென்பொருள் மேல் குற்றமில்லை. அது நாம் நிரப்ப வேண்டிய இடம். உலோகத்துக்கு அந்த அடுக்கு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வரும். 2.6 என்று வைத்தால், வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஆறு மடங்கு. கோணமும் அப்படித்தான். இரும்பை மணல் சாய்வாக, 20–30 டிகிரியில் உரசும்போதுதான் அதிகம் செதுக்கும். கண்ணாடி மாதிரி நொறுங்கும் பொருளுக்கு நேர்குத்தாக மோதுவதுதான் ஆபத்து. ஃபின்னி என்பவர் 1960-லேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார்.

விளையாட்டு இல்லை இது. இமாசலத்தில் சட்லெஜ் நதியின் நாத்பா ஜாக்ரி, 1500 மெகாவாட் நீர்மின் நிலையம். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணலைப் படியவைக்கப் பெரிய அறைகள் கட்டியும், தப்பி வந்த நுண்மணல் டர்பைன்களை அரித்தது. வண்டல் அளவு மீறினால் இயந்திரங்களையே நிறுத்துகிறார்கள்.

என் கோபம் பையன் மேல் இல்லை. என் இனத்தார் மேல்தான். அந்தப் படத்தை மூன்று ரிவ்யூவில் பார்த்துப் பாராட்டிய ஆசிரியர்கள் ஒருவர்கூட "அடுக்கு என்ன வைத்தாய், எந்தச் சோதனையிலிருந்து எடுத்தாய்" என்று கேட்கவில்லையாம். வண்ணத்துக்கா ஐயா மார்க்?

பையன் எண்களை மாற்றி மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். "கைடுகிட்ட யார் சார் சொல்றது?" என்கிறான்.