சொல்லும் விலையும் செல்லும் விலையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய டிராக்டர்களை விற்க முன்வரும் அன்பர்களில் பலர், இந்தப் பழமொழி தங்கள் யந்திரத்துக்காகவே ஏற்பட்டது என்று எண்ணுகிறார்கள் போலும்! கொட்டகை மூலையில் துருவேறிக் கிடக்கும் வண்டிக்கு விளம்பரத்தில் அவர்கள் போடும் விலையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிறது.

பழமை வேறு, அருமை வேறு. 1947 முதல் 1952 வரையில் போர்டு கம்பெனியார் செய்த 8-என் டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை. 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தின் காவெண்ட்ரி நகரில் உருவான சாம்பல் நிறப் பெர்குஸன்களும் அவ்வாறே ஐந்து லட்சத்தைத் தாண்டின. நல்ல உழைப்பாளி யந்திரங்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால், எங்கும் அகப்படும் பொருளை "அபூர்வம்" என்று அழைத்தால் அது அபூர்வமாகிவிடுமா?

நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவன் கொம்பில் பூசிய வர்ணத்துக்கு விலை கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். டிராக்டருக்கும் அதே நியாயந்தான். எஞ்சின் சுற்றுகிறதா, இறுகிவிட்டதா? குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து வார்ப்பிரும்பு விரிந்திருக்கிறதா? டயர்கள் உழைக்குமா? புது வர்ணமோ பல குற்றங்களை மறைக்கும் போர்வை.

விற்பவர் வாக்கை நம்பிக் கெட்ட அனுபவம் அமெரிக்கருக்குப் புதிதல்ல. மின்னியாபொலிஸ் நகரக் கம்பெனி ஒன்று, ஹென்றி போர்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் "போர்டு" என்ற பெயரில் டிராக்டர் விற்றது. அதை வாங்கி அவதிப்பட்ட வில்மட் குரோஸியர் என்ற விவசாயி, நெப்ராஸ்கா சட்டசபையில் அங்கத்தினரானார். அவர் முயற்சியால் 1919-ல், சோதனைக்கு உட்படாத புது மாதிரி டிராக்டரை அந்த ராஜ்யத்தில் விற்கக்கூடாதென்று சட்டம் பிறந்தது. பழைய வண்டிக்கோ அப்படிச் சோதனைச் சாலை கிடையாது. வாங்குகிறவர் கண்ணே சோதனைச் சாலை!

"கேட்கிறவர் கேட்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நேயர்கள் வினவலாம். நஷ்டம் உண்டு. கணவன் விட்டுப்போன டிராக்டரை விற்க நினைக்கும் ஒரு விதவை, விளம்பர விலைகளைப் பார்த்து ஆசை வளர்க்கிறாள். வந்தவர்கள் சொல்லும் நியாயமான தொகையும் அவளுக்கு வஞ்சனையாகத் தோன்றுகிறது. காத்திருக்கிறாள், மழை காத்திருப்பதில்லை. கடைசியில் பழைய இரும்பு வியாபாரிதான் வருகிறான்.

நாம் கவனிக்கவேண்டிய சூக்ஷ்மம் ஒன்று உண்டு. நியாயமான விலையுள்ள வண்டி சீக்கிரம் விற்றுப்போகிறது. அதன் விளம்பரமும் மறைந்துபோகிறது. மாதக்கணக்கில் கண்ணில் படுவது, ஒருவரும் கொடுக்க மறுத்த விலை! அதை மதிப்பென்று கொள்வது எப்படி? ஏலத்தில் சுத்தியல் விழும்போது, இருவர் மனமொத்து நிற்கும் தொகையே மதிப்பு.

தகப்பனார் ஓட்டிய வண்டி என்ற பாசத்துக்கு விலையே இல்லை. அதனாலேயே அதை விலையோடு சேர்த்துக் கூட்டலாகாது. பாசம் பெரிதானால் வண்டியை வைத்துக்கொள்ளலாம். பணம் தேவையானால் வந்த நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாம். இரண்டும் கெளரவமான காரியங்களே.