முதலில் அப்பா, அப்புறம் பத்திரம்

கேள்வி: "அப்பா பிரிச்சுவிட்ட மூணு ஏக்கர்ல மல்லாட்டை போட்டுட்டு வர்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, அப்பா வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, அம்மா நகையை அடகு வெச்சு ரெண்டு போர் போட்டேன். ரெண்டுலயும் புழுதிதான் வந்துச்சு. நகை ஏலத்துல போயிடுச்சு. மறு வருஷம் அம்மா தவறிட்டாங்க. 'அவளை மூளிக் கழுத்தோட அனுப்பிட்டியேடா'ன்னு காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்பா சொன்னார். அன்னைக்கு நின்ன பேச்சுதான். இப்ப பக்கவாதம் வந்து, தம்பி வீட்ல படுத்த படுக்கையா இருக்கார். வாய் குழறுது, ஆனா நினைவு தெளிவா இருக்கு. பார்க்கணும்னு மனசு அடிச்சுக்குது. பட்டா இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு. இப்பப் போனா, 'நிலத்துக்காக வந்துட்டான்'னு தம்பியும் ஊரும் பேசும். என்ன செய்யட்டும்?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று, உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். போங்கள். இன்றைக்கே போங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி காங்கேயம் காளை இருந்தது. அப்பா கன்றிலிருந்து வளர்த்தவை. அவர் வெளியூர் போயிருந்த நாளில், டிராக்டருக்கு முன்பணம் கட்ட அவற்றை விற்றுவிட்டேன். திரும்பி வந்தவர் திட்டவில்லை. காலியான கட்டுத்தறியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பாடு, தண்ணீர், வரவு செலவு எல்லாம் அம்மா வழியாகத்தான்.

தப்பு என்று எனக்குத் தெரியும். வெள்ளாமை முடியட்டும், பொங்கல் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரியில், நினைவு தப்பித் தப்பி வந்த ஒரு ராத்திரி, என் கையைப் பிடித்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று கேட்டார். "காட்டிட்டனுங்கப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் என்னை மன்னித்துக் கேட்டாரா, காளைகள் இன்னும் இருப்பதாக நினைத்துக் கேட்டாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. எனக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

போனதும் பூமியில் தண்ணீர் இல்லாததற்கு நான் என்ன செய்வேன் என்று வாதாடாதீர்கள். அவர் கோபம் தண்ணீரைப் பற்றியது இல்லை, அம்மாவைப் பற்றியது. "அம்மா நகை விஷயத்துல நான் செஞ்சது தப்புப்பா" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். காரியத்தன்று அவர் சொன்னதற்கு அவரும் வருத்தம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுநாளும் போங்கள். கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டைச் செடி ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேச்சு எழாத இடத்தில் பயிர் பேசும்.

வெறுமனே உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். ஆறு வருஷமாகத் தம்பியும் அவர் மனைவியும்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். ஊர் நாலு நாள் பேசும். ராத்திரி கண் விழிப்பவனைப் பற்றி அஞ்சாவது நாள் என்ன பேச முடியும்?

நிலத்தைப் பற்றி நீங்களாக வாய் திறக்க வேண்டாம். தம்பியிடம் முதல் நாளே, "நிலத்தைப் பத்திப் பேச வரலடா, அப்பாவைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்பாவாக விரும்பி எழுதிவைக்கிறேன் என்றால், பிள்ளைகள் எல்லோரும் அறிய நடக்கட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும். அவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதவும் முடியும். எதுவும் எழுதாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த நிலம் பிள்ளைகளுக்குச் சம பங்காகப் போகும். கூடப்பிறந்த பெண் இருந்தால் அவருக்கும் அதே பங்கு உண்டு. பூர்வீக நிலத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனுக்குள்ள உரிமையே. ஆகவே நீங்கள் போவதால் பங்கு கூடப்போவதும் இல்லை, போகாததால் குறையப்போவதும் இல்லை. இதைத் தம்பிக்கும் எடுத்துச் சொல்லுங்கள், அவர் பயமும் தெளியும்.

பட்டா மாற்றத்துக்குப் பின்னாலும் மனுக் கொடுக்கலாம். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அவர் காது கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். போய்வந்து ஒரு வரி எழுதுங்கள்.