ஓர் எழுத்துத்தானே!

சோரியாங்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் ஒரு பையன் வருவான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். சென்ற வாரம் முகம் வாடி வந்தான். பலரும் எடுத்துக் கையாளும் ஒரு புரோகிராம் தொகுப்பில், அதை உபயோகிப்பவர்களுக்காக எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளில் ஏழெட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினானாம். "இந்தக் குறிப்புகளை இயந்திரம் படிப்பதில்லை. எங்கள் நேரத்தை வீணாக்காதே" என்று பதில் வந்ததாம்.

இயந்திரம் படிப்பதில்லை, வாஸ்தவம். மனிதன் படிக்கிறானே ஐயா! என் நாவலில் கதாநாயகி பள்ளிக்குப் புறப்பட்டவள் 'பல்லிக்கு'ப் புறப்பட்டதாக ஒருமுறை அச்சாகிவிட்டது. இன்றுவரை அந்த அத்தியாயத்தைப் பற்றி யாரும் வேறெதுவும் என்னிடம் கேட்டதில்லை.

அவர்கள் கோபத்துக்கும் காரணம் உண்டு. 2020 அக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற விழாவில், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டீ-ஷர்ட் என்றார்கள். நன்றாயிருந்த வாக்கியத்தில் வேண்டாத அடைமொழியைச் செருகி, அதையும் திருத்தம் என்று அனுப்பியவர்கள் ஏராளம். நம் நாட்டவரும் அதில் உண்டு. அவர்களை விரட்டட்டும். டீ-ஷர்ட் கேட்காத இந்தப் பையனை ஏன் விரட்ட வேண்டும்?

ஓர் எழுத்துத்தானே என்பவர்கள் 'ரெஃபரர்' கதையைக் கேட்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை இணையத்தில் அறிவிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டும். 1996-ல் வெளியான ஹெச்.டி.டி.பி. விதிகளில் ஒன்றை விட்டுவிட்டார்கள். உலகமெங்கும் புரோகிராம்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டதால், இன்றும் அந்தப் பிழையே விதி!

நம் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் நம் ஆய்த எழுத்தின் பெயர் என்ன தெரியுமா? 'விசர்க்கம்'! வடமொழிக் குறியின் பெயரை நம் ஃ தலையில் கட்டிவிட்டார்கள். ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே சட்டம். ஆகவே பெயரைத் தொடாமல், அதன் கீழே சின்னதாக 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். இயந்திரத்துக்கான இடத்தில் தவறு உறைந்துவிட்டது. சரியான பெயருக்கு மிஞ்சியது அந்தக் குறிப்பு ஒன்றுதான். அதிலும் பிழை இருந்து, ஒருவன் திருத்த வந்தால், நேரம் வீண் என்று துரத்துவார்களோ?

பையனை மறுபடியும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நாலு பிழை கூடக் கண்டுபிடித்திருக்கிறான்.